தவிலின் தொப்பியும் 17 வோல்ட்டும்

பண்ருட்டியைத் தாண்டிச் சிறிது தூரம் போயிருப்போம். காரில் ஒரு நாகஸ்வரக் கச்சேரிப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி வந்தார். தனித்தவில் ஆரம்பித்ததும், "கொஞ்சம் கூட்டி வை" என்றார். கூட்டினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் கூட்டினேன். நாலைந்து ஆவர்த்தனம் போயிருக்கும். இடது பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அதன்பின் அந்தப் பக்கத்து ஒலியில் பளபளப்பே இல்லை. போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதைப்போல் மங்கிவிட்டது.

அப்பா கண்ணைத் திறந்தார். "தவில் ஒரு பக்கம்தான் கேட்கிறது."

மன்னார்குடிக்குப் போய்ச் சேர்ந்தபின் பின்பக்கப் பலகையிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றினேன். மேல்சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் வாய்ஸ் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், கருகியிருந்தது. எரிந்த வார்னிஷின் வாசனை அப்போதும் லேசாக இருந்தது. அந்த ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியில் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. டாஷ்போர்டில் இருந்த ஸ்டீரியோவின் முகப்பிலோ 50 வாட், 4 சானல் என்று இருந்தது; நான்கு ஸ்பீக்கர்களுக்கு நான்கு தனி வழிகள். 500 வாட் தாங்கும் ஸ்பீக்கரை 50 வாட் ஸ்டீரியோ எப்படி எரித்தது? இந்தக் கேள்வி என்னை இரண்டு ஆண்டுகள் விடவில்லை. விடை கிடைத்தபோது, அதில் பாதியை நான் பத்து வயதிலேயே கேட்டிருக்கிறேன் என்பதும் தெரிந்தது.

சித்தப்பா ஊரில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோவில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்கள்தான் தென்னைமரத்தில் ஏறும். நான் ஒயர் சுற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். அவரிடம் இருந்த குழாய் யூனிட் ஒவ்வொன்றின் மின்தடையும் 16 ஓம். ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். ஒரு குழாய் கட்டினால் 16-இல் மாட்டுவார். இரண்டு குழாய்களை இணையாகக் கட்டினால் தடை பாதியாகும், 8-இல். நான்கு என்றால் 4-இல். ஒருமுறை கோவில்காரர்கள் இன்னும் இரண்டு குழாய் வேண்டும் என்று அடம்பிடித்தபோது, கூடுதல் பணம் தருவதாகச் சொல்லியும் அவர் மறுத்துவிட்டார். "டேய், மாடு இழுக்கிற பாரத்தைத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். சத்தம் குறைந்தால் யாரும் சாகப்போவதில்லை. ஆம்ப்ளிஃபையர் போனால் சாமி ஊர்வலமே ஊமையாகிவிடும்" என்றார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. ஓம் விதியை எழுதத் தெரியாது. ஆனால் அதை மீறி ஒருநாளும் ஒயர் இழுத்ததில்லை.

கார் ஆடியோ பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு பெட்டிகளில் உள்ள எண்களை ஒப்பிட்டுவிட்டு, பொருத்தம் பார்த்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டீரியோவின் 50 வாட்டை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் அதிகபட்சம் 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் ஒலியைப் பெருக்கும் சிறிய சில்லான ஐ.சி.க்கு அதற்குமேல் கிடைக்க வழியில்லை. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 52 வருகிறது. முகப்பில் அச்சடித்த 50 அதுதான். அதாவது, பேட்டரியின் முழு மின்னழுத்தத்தையும் மேலும் கீழுமாகத் திருப்பித் திருப்பி ஸ்பீக்கரில் அறைந்தால் கிடைக்கும் சதுர அலையின் வாட். இசை சதுர அலை அல்ல. அதே உச்சம் வரை எழுந்து விழும் ஒழுங்கான சைன் அலை தருவது சரியாக அதில் பாதி, 26 வாட். ஐ.சி.க்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால், சுத்தமான ஒலியாக ஒரு சானலுக்குக் கிடைப்பது 20 வாட்டை ஒட்டித்தான். எந்த நிறுவனத்தின் ஸ்டீரியோவை வாங்கினாலும், உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிச் சுற்று இல்லாதவரை, இந்தக் கூரை மாறாது. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 8 ஓமாக இருக்க, கார் ஸ்பீக்கர்கள் 4 ஓமாக இருப்பதும் இந்த 14.4 வோல்ட்டினால்தான். மின்னழுத்தத்தைக் கூட்ட முடியாத இடத்தில் தடையைக் குறைத்தால்தான் வாட் கூடும்.

ஸ்பீக்கர் பெட்டியில் இருந்த 500 வாட் இன்னும் மோசமான எண். அது ஒரு கணம் மட்டும் வந்துபோகும் உச்சத்தைக் குறித்தது, அதுவும் தாராள மனத்தோடு. பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் ஆர்.எம்.எஸ். 60 வாட் என்று இருந்ததை எரிந்தபிறகுதான் பார்த்தேன். மணிக்கணக்கில் தொடர்ந்து தாங்கக்கூடியது அந்த அறுபதுதான். உச்ச வாட், மியூசிக் வாட், மேக்ஸ் வாட் என்ற சொற்களைக் கண்டால் அப்படியே கடந்துவிடுங்கள். ஆர்.எம்.எஸ். என்று எழுதாத பெட்டியை வாங்காதீர்கள். ஆம்ப்ளிஃபையரில் சி.டி.ஏ.-2006 என்ற குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. 2003-இல் அமெரிக்காவின் நுகர்வோர் மின்னணுத் தொழில்துறையினர் வகுத்த அளவீட்டு முறை அது; முன்பு சி.இ.ஏ.-2006 என்று பெயர், அந்த 2006 ஆண்டு அல்ல, வரிசை எண். 14.4 வோல்ட்டில், 4 ஓமில், சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல், கேட்கும் அதிர்வெண்கள் முழுவதிலும் எத்தனை வாட் தருகிறது என்று அந்த முறையில் அளந்திருப்பார்கள். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை நேருக்கு நேர் ஒப்பிட வேறு நியாயமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் 20 வாட் ஸ்டீரியோ 60 வாட் ஸ்பீக்கரை எரித்தது எப்படி? ஆம்ப்ளிஃபையர் சிறியதாக இருந்தால் ஸ்பீக்கர் கெட்டுவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். அந்தப் பேச்சு முழு உண்மை அல்ல. குறைந்த வாட் எந்த ஸ்பீக்கரையும் கெடுக்காது. மெதுவாகக் கேட்கும்போது எல்லா ஸ்பீக்கரும் ஒரு வாட்டுக்குள்தான் ஓடுகிறது. தன் கூரையைத் தொட்டுவிட்ட ஆம்ப்ளிஃபையரை இன்னும் இன்னும் முறுக்கும்போதுதான் விபரீதம் நடக்கிறது. அலையின் உச்சி கூரையில் இடித்துத் தட்டையாகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். தட்டையான அலைக்குச் சராசரி வாட் அதிகம். முழுச் சதுரமாகிவிட்டால், அதே உச்சமுள்ள சைன் அலையைப்போல் இரண்டு மடங்கு. அதோடு, தட்டையான உச்சியின் கூர்முனைகள் மூலத்தில் இல்லாத உயர் அதிர்வெண்களைப் பிறப்பிக்கின்றன. அவை எல்லாம் நேராக ட்வீட்டருக்குப் போகின்றன. கீழ்ச்சுரங்கள் கூரையில் முட்டி நின்றுவிட்டபிறகும், நாம் திருகத் திருக மேல்சுரங்கள் வளர்ந்துகொண்டே போகின்றன. இசையில் உயர் அதிர்வெண்களின் பங்கு சிறியது என்று நம்பித்தான் ட்வீட்டரின் காயிலை மயிரிழைக் கம்பியில் சுற்றுகிறார்கள். 60 வாட் என்பது மொத்த ஸ்பீக்கருக்கான கணக்கு. அந்தச் சின்னக் காயில் தனியாகத் தாங்குவது சில வாட்களையே.

தவில் இதை இன்னும் கடுமையாக்குகிறது. வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், இடப்பக்கமான தொப்பியில் கழி. ஒவ்வொரு அடியும் ஒரு வெடிப்பு. நாகஸ்வரமும் சுருதி பிடிக்கும் ஒத்தும் ஓடும் சராசரி மட்டத்துக்கும் இந்த அடியின் உச்சத்துக்கும் பதிவில் பெரிய இடைவெளி இருக்கும். இடைவெளி 10 டெசிபல் என்றால் அடிக்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. சராசரி ஒரு வாட்டில் ஒத்து இனிமையாக ஊதிக்கொண்டிருக்கும்போது, ஒரு கழி அடி நூறு வாட் கேட்கிறது என்று பொருள். என் ஸ்டீரியோவிடம் இருந்தது இருபது. மிச்சம் எண்பது வாட் அடியின் தலை வெட்டப்பட்டது. காது அதைக் கரகரப்பாக உணர்வதற்கு முன்பே, அடிக்கு இருக்கவேண்டிய கூர்மை போய்விடுகிறது. அப்பா "கூட்டு, கூட்டு" என்று சொன்னதற்குக் காரணம் சத்தம் போதாமை அல்ல. அவருக்குத் தவிலின் அடி கிடைக்கவில்லை. நான் கூட்டக் கூட்ட அது இன்னும் தட்டையாயிற்று. இது புரிந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பெரிய ஆம்ப்ளிஃபையர் தெருவுக்குக் கேட்கவைக்க என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்து ஒரு கடையில் ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். 2000 வாட், நான்கு சானல் என்றார்கள். வீட்டுக்கு வந்து பின்புறத்தைப் பார்த்தால் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று மட்டும் இருந்தது. 30 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். பழைய ஏ.பி. வகை ஆம்ப்ளிஃபையர் என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒலியாக வெளிவரும். டி வகை என்றால் எண்பது சதவீதம் வரை வரலாம். எப்படிப் பார்த்தாலும் 2000 என்பது கனவு. ஃபியூஸ் ஒரு கணம் தன் அளவுக்குமேல் தாங்கும் என்பதால் இது துல்லியமான கணக்கு இல்லை. ஆனாலும் பெட்டியைவிட ஃபியூஸ் நேர்மையானது. கடையில் நின்றுகொண்டே ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

அதைத் திருப்பிக்கொடுத்துவிட்டு, நான்கு சானல், 4 ஓமில் சானலுக்கு 75 வாட் ஆர்.எம்.எஸ். என்று அளந்து எழுதப்பட்ட டி வகை ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கினேன். முன்கதவுகளுக்கு 70 வாட் தாங்கும் ஆறரை அங்குலக் காம்போனென்ட் செட், அதாவது ட்வீட்டர் தனியாக வரும் வகை. ஆம்ப்ளிஃபையர் ஐந்து வாட் கூடுதலாக இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் பதறினார். வெட்டுப்படாத ஐந்து வாட் எதையும் செய்யாது. ஆர்.எம்.எஸ். அளவுக்குச் சமமாகவோ, ஒன்றரை மடங்கு வரையிலோ உள்ள ஆம்ப்ளிஃபையரை நான் தயங்காமல் எடுப்பேன், திருகும் கை நிதானமாக இருந்தால்.

ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டைவிட நான் கவனமாகப் பார்த்தது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் எத்தனை டெசிபல் என்ற எண் அது. 87 டெசிபல் ஸ்பீக்கரிடம் 90 டெசிபல் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கேட்டால் இரண்டு மடங்கு வாட் தர வேண்டும். ஆகவே மூன்று டெசிபல் கூடுதலுள்ள ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையரை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிலர் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளப்பார்கள். 8 ஓமில் அது ஒரு வாட். 4 ஓமில் இரண்டு வாட். அந்த அளவில் 90 என்று இருந்தால், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டில் 87 என்றே கொள்ள வேண்டும்.

கீழ்ச்சுரங்களுக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரில்தான் சித்தப்பாவின் பாடம் முழுமையாகத் திரும்பி வந்தது. மீதமிருந்த இரண்டு சானல்களைப் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, ஒரு பத்து அங்குல சப்வூஃபரை ஓட்டத் திட்டம். அதில் தலா 4 ஓமில் இரண்டு வாய்ஸ் காயில்கள். மாட்டிக் கொடுத்தவர் இரண்டையும் இணையாகக் கட்டிவிட்டார். "சார், இப்படிக் கட்டினால்தான் நல்லா இடிக்கும்." பத்து நிமிடத்தில் ஆம்ப்ளிஃபையர் கொதித்தது, சிவப்பு விளக்கு எரிந்து அணைந்துவிட்டது. இணையாகக் கட்டினால் 2 ஓம். பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சானலும் சுமையில் பாதி ஓமைத்தான் உணர்கிறது. ஆக ஒவ்வொன்றின் தலையிலும் 1 ஓம். என் ஆம்ப்ளிஃபையரோ சானலுக்கு 2 ஓமுக்குக் கீழே போகக்கூடாதது. நான்கு குழாய்க்கான முனையில் எட்டுக் குழாய் கட்டிய கதை. காயில்களைத் தொடராகக் கட்டினேன். 8 ஓம். இப்போது ஒவ்வொரு சானலுக்கும் 4 ஓம், இரண்டும் சேர்ந்து 150 வாட். ஒரே 4 ஓம் காயில் உள்ள சப்வூஃபராக இருந்திருந்தால் 220 வாட் கிடைத்திருக்கும்தான். ஆனால் 150-க்கும் 220-க்கும் உள்ள வித்தியாசம் 1.7 டெசிபல். சட்டென்று காதுக்குப் புலப்படாத அளவு. அதற்குப் பதிலாக ஆம்ப்ளிஃபையர் மே மாத வெயிலில்கூடக் கை வைக்கும் சூட்டிலேயே இருக்கிறது.

ஓம் என்பது நிலையான எண் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் தொட்டால் 3.4 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மீட்டர் காட்டுவது கம்பியின் தடையை மட்டும். இசை ஓடும்போது அதிர்வெண்ணுக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும்.

ஒயர் விஷயத்தை மனம் நொந்துதான் எழுதுகிறேன். ஆம்ப்ளிஃபையர் முழு 300 வாட்டும் தரும்போது ஏறத்தாழ 27 ஆம்பியர் இழுக்கும். கடையில் கூடவே கொடுத்த 8 கேஜ் ஒயரை வெட்டிப் பார்த்தேன். தடித்த பிளாஸ்டிக் உறை, உள்ளே செம்பு பூசிய அலுமினியம், அதுவும் கொஞ்சமாக. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 61 சதவீதம்தான். முறையான 8 கேஜ் செம்புக் கம்பியிலேயே 5 மீட்டர் நீளத்தில் 27 ஆம்பியர் ஓடினால் கால் வோல்ட்டுக்குமேல் வழியில் கரைந்துவிடும். சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய் 4 கேஜ் முழுச் செம்பு வாங்கி வந்தேன்; கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ். இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள். அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்கானது அல்ல. ஒயரின் உறை எங்கேயாவது தகட்டில் உரசிக் கிழிந்தால் கார் தீப்பிடிக்காமல் காப்பதற்கானது. எர்த் ஒயரைப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெறும் தகட்டில் இறுக்க வேண்டும், முடிந்தவரை குட்டையாக.

பிறகு கெயின். ஆம்ப்ளிஃபையரில் உள்ள அந்தத் திருகைச் சத்தம் கூட்டும் குமிழ் என்று எண்ணி முழுக்கத் திருப்பி வைத்த கார்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். ஸ்டீரியோவிலிருந்து 2 வோல்ட் வருகிறதா, 4 வோல்ட் வருகிறதா என்பதை ஆம்ப்ளிஃபையருக்குச் சொல்லும் திருகு அது. தப்பாகச் சொன்னால், 75 வாட் ஆம்ப்ளிஃபையரும் என் பழைய ஸ்டீரியோவைப்போலவே தலை தட்டும். நான் செய்தது இதுதான்: ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றினேன். ஸ்டீரியோவின் சத்தத்தை முக்கால் பங்கில் நிறுத்தினேன். பேஸ், ட்ரெபிள் எல்லாம் பூஜ்யம். 1000 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஒன்றை ஓடவிட்டேன். 75 வாட்டை 4 ஓமால் பெருக்கினால் 300, அதன் வர்க்கமூலம் 17.3 வோல்ட். ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, 17.3 வரும்வரை கெயினைத் திருகி நிறுத்தினேன். சப்வூஃபர் பக்கம் 50 ஹெர்ட்ஸ், 150 பெருக்கல் 8, வர்க்கமூலம் 34.6. திருகு பாதி தூரம்கூடப் போகவில்லை. சில நேரம் மலிவான மீட்டர் 1000 ஹெர்ட்ஸில் பிசகும்; அதனால் இரண்டு மீட்டர்களில் பார்த்துக்கொண்டேன்.

கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதபடி, அதிர்வெண்களைப் பிரித்துவிடும் கிராஸ்ஓவர் வைத்தேன். அதே சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் ஸ்பீக்கரின் கூம்பான கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80-இல் ஒரு மில்லிமீட்டர் அசைந்தது 40-இல் நான்கு மில்லிமீட்டர் கேட்கும். வாட்டுக்குள் இருந்தும் ஸ்பீக்கர் கிழிவது இதனால்தான். அந்தச் சுமையை சப்வூஃபரிடம் விட்டபிறகு கதவுகளுக்கு மூச்சு வந்தது.

எல்லாம் மாட்டியபிறகும் தொப்பி கேட்கவில்லை. நம்பவே முடியவில்லை. ஒருநாள் முழுக்கத் தேடினேன். 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் முனைகளில் தொட்டபோது வலது ஸ்பீக்கரின் கோன் வெளியே வந்தது, இடது உள்ளே போனது. ஒரு பக்கம் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன. இரண்டு கதவுகளும் ஒன்றின் காற்றை ஒன்று அழித்துக்கொண்டிருந்தன. மாற்றியதும் நடு பேஸ் வந்து நின்றது. கதவுத் தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் தாள் ஒட்டி, ஓட்டைகளை அடைத்ததும் இன்னும் கட்டிப்பட்டது; கோனின் பின்பக்கத்து ஒலி ஓட்டை வழியாக முன்னே வந்து முன்பக்கத்து ஒலியைத் தின்பது நின்றது. ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்துக்கு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம். கதவுக்குள் மழைநீர் இறங்கும். ஒரு ஐப்பசியிலேயே ஊறிப்போகும். பிளாஸ்டிக் வளையம் போதும்.

போன மாதம் மறுபடியும் அப்பாவோடு அதே சாலையில் போனேன். அதே பதிவு. விக்கிரவாண்டியில் திரும்பும்போது ஆலாபனை, பண்ருட்டி தாண்டியதும் தனி. நான் சத்தத்தைக் கூட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டே வந்தவர், நடுவில் கையை நிறுத்தி, கண்ணைத் திறக்காமலே காரின் இடது மூலையைச் சுட்டிக்காட்டினார்.

"இரண்டாவது தவில்காரர் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், பார்."

சேத்தியாத்தோப்பு வரும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.